கல்ச்சரில் உள்ள பாலிசாக்கரைடை அளப்பது எப்படி? மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நுண்ணுயிரியல் படிக்கும் பிள்ளைகளில் வருடத்துக்கு ஒரு சிலராவது ப்ராஜெக்டுக்கு இந்தத் தலைப்பை, அதாவது பாக்டீரியா வளர்த்த திரவத்தில் (கல்ச்சரில்) அது செய்த சர்க்கரைச் சங்கிலி (பாலிசாக்கரைடு) எவ்வளவு என்று அளப்பதை, எடுக்கிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. இட்லி மாவு, மோர், கொள்ளுச் செடியின் வேர் முண்டு, மாம்பழக் கூழ் ஆலையின் கழிவு என்று எங்கே தேடினாலும் கொழகொழவென்று வளரும் பாக்டீரியா கிடைக்கிறது. கெமிக்கல் செலவு குறைவு. நிறத்தின் அடர்வை அளக்கும் ஒரு கலரிமீட்டர் இருந்தால்கூட வேலை ஓடும். நான் தருமபுரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பல வருடமாக இந்தச் செய்முறையைச் சொல்லித் தருகிறேன். திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குழாயில் நிறம் வரவழைப்பது அரை நாள் வேலை. அந்த நிறம் யாருடைய சர்க்கரையால் வந்தது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் மீதி மூன்று மாதமும்.

ஈபிஎஸ் என்கிறார்களே, அது சரியாக எது?

பாக்டீரியா தன் செல்லுக்கு வெளியே விடும் சர்க்கரைச் சங்கிலி. புறப் பாலிசாக்கரைடு என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். ஊசிப்போன குழம்பில் கரண்டியை விட்டுத் தூக்கினால் நூல் விடுமே, அந்த நூலுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு சங்கிலிதான் இருக்கும். இட்லி மாவைப் புளிக்க வைப்பதில் முக்கியப் பங்குள்ள லூக்கோனாஸ்டாக் மெசன்டிராய்ட்ஸுக்குச் சுக்ரோஸ் கொடுத்தால் டெக்ஸ்ட்ரான் செய்யும். சாந்தோமோனாஸ் கேம்பெஸ்ட்ரிஸ் செய்வது சாந்தன், சாஸ் பாட்டிலிலும் ஐஸ்கிரீமிலும் கெட்டிப்புக்காகச் சேர்ப்பது. வேர் முண்டில் இருக்கும் ரைசோபியமும் ஏராளமாகச் சுரக்கும்.

தட்டில் காலனி வழவழப்பாக இருக்கிறது. ஈபிஎஸ் நிறைய இருக்கிறது என்று எழுதலாமா?

எழுத வேண்டாம். லூப்பால் தொட்டுத் தூக்கி நூல் வருகிறதா என்று பார்ப்பது, ருத்தீனியம் சிவப்பு கலந்த பால் அகாரில் வெள்ளையாக நிற்கும் காலனியைப் பொறுக்குவது எல்லாம் எந்தக் காலனியை எடுப்பது என்ற தேர்வுக்கு நல்லது. நூலின் நீளம் அந்தச் சங்கிலியின் நீளத்தையும் கிளையையும் பொறுத்தது. கொஞ்சமே இருக்கும் நீண்ட சங்கிலி நிறைய நூல் விடும். ஏராளமாக இருக்கும் குட்டைச் சங்கிலி தண்ணீர் மாதிரி ஓடும். பாகுநிலை அளப்பதற்கும் இதே பதில்தான்.

அளவைச் சொல்ல எளிய முறை எது?

பீனால்-கந்தக அமில முறை. டூபுவாவும் உடன் நால்வரும் 1956-ல் வெளியிட்டது. எழுபது வருடம் ஆகியும் உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள். அடர் கந்தக அமிலம் சங்கிலியை உடைத்து, ஒவ்வொரு சர்க்கரையிலிருந்தும் நீரைப் பிடுங்கி, ஃபர்ஃபியூரல் வகைப் பொருளாக மாற்றுகிறது. அது பீனாலோடு சேர்ந்து ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம் கொடுக்கும். ஆறு கார்பன் சர்க்கரை என்றால் நிறத்தை 490 நானோமீட்டர் ஒளியில் அளக்க வேண்டும், ஐந்து கார்பன் சர்க்கரைக்கும் யூரோனிக் அமிலத்துக்கும் (அமிலமாக மாறிய சர்க்கரைக்கும்) 480.

1 மி.லி. சாம்பிள், 1 மி.லி. 5 சதவீத பீனால், 5 மி.லி. அடர் கந்தக அமிலம். பத்து நிமிடம் அப்படியே விட்டு, கலக்கி, 25 முதல் 30 டிகிரி தண்ணீரில் இன்னொரு பத்து இருபது நிமிடம் வைத்து, அளவு எடுக்கலாம். நிறம் மணிக்கணக்கில் நிற்கும். வாசித்து முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டாலும் பதற்றம் வேண்டாம்.

அப்படியானால் கல்ச்சரை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, செல் அடியில் தங்கியபின் மேலே நிற்கும் தெளிவை (மேல்தெளிவை) நேராகவே அளந்துவிடலாமே?

இங்கேதான் பெரும்பாலான ப்ராஜெக்ட் சறுக்குகிறது. இந்த முறைக்குச் சர்க்கரை என்றால் எல்லாம் ஒன்றுதான். பாக்டீரியா செய்த சங்கிலியும், நீங்கள் மீடியத்தில் (பாக்டீரியாவுக்கு உணவான திரவத்தில்) போட்ட குளுக்கோஸும் ஒரே நிறம் கொடுக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லாக்டோபேசில்லஸ் வளர்க்கும் எம்ஆர்எஸ் மீடியத்தில் லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ், அதாவது 20,000 மி.கி. உங்கள் பாக்டீரியா அதில் 99 சதவீதத்தைத் தின்று தீர்த்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மீதி 200 மி.கி. நிற்கிறது. லாக்டிக் அமில பாக்டீரியா பலவும் செய்யும் ஈபிஎஸ்ஸே லிட்டருக்குச் சில பத்து முதல் சில நூறு மி.கி. வரைதான். ஆக, தின்னாமல் விட்ட மிச்சமே நீங்கள் தேடும் பொருளின் அளவுக்கு இருக்கிறது.

சில வருடத்துக்கு முன் என் மாணவி ஒருத்தி மோரிலிருந்து எடுத்த லாக்டோபேசில்லஸில் லிட்டருக்கு நாலு கிராம் ஈபிஎஸ் என்று கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "பாக்டீரியா போடாத மீடியம் பாட்டில் ஒன்றையும் இதே மாதிரி செய்து பார்த்தாயாம்மா?" என்று கேட்டேன். செய்யவில்லை. மறுநாள் செய்தாள். வெறும் மீடியம் அதைவிட அதிகமாகவே காட்டியது. அவள் அழுத அழுகை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் எங்கள் ஆய்வகத்தில் வெறும் மீடியம் பிளாங்க் இல்லாமல் ஒரு எண்ணையும் நோட்டில் ஏற்றுவதில்லை.

பிளாங்க் என்றால் வடிநீர் வைத்துப் பூஜ்யம் செய்வோமே, அது போதாதா?

போதாது. இரண்டும் வேறு வேலை. வடிநீர், பீனால், அமிலம் சேர்த்த குழாய் கருவியைப் பூஜ்யம் செய்ய. பாக்டீரியா போடாத மீடியத்தை அதே ஷேக்கரில், அதே நாட்கள், அதே வெப்பத்தில் வைத்து, அதே ஆல்கஹால், அதே டயாலிசிஸ் (சின்ன மூலக்கூறுகளை மெல்லிய பை வழியே தண்ணீருக்கு வெளியேற்றுவது) எல்லாம் செய்து கடைசியில் வரும் எண்தான் மீடியம் பிளாங்க். இதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் பாக்டீரியாவின் கணக்கு.

எந்த மீடியத்தில் வளர்த்தால் தொந்தரவு குறைவு?

எம்ஆர்எஸ், 1960-ல் டி மேன், ரோகோசா, ஷார்ப் மூவரும் லாக்டோபேசில்லஸ் நன்றாக வளரட்டும் என்று செய்த மீடியம். ஈபிஎஸ் அளப்பது அவர்கள் நோக்கமே இல்லை. அதில் இருக்கும் ஈஸ்ட் சாற்றிலேயே மேனன் என்ற பாலிசாக்கரைடு உண்டு. அது ஆல்கஹாலில் வீழும், டயாலிசிஸ் பையிலும் தங்கும். குளுக்கோஸை விரட்டினாலும் இது போகாது. முடிந்தால் ஈஸ்ட் சாறு, மாட்டிறைச்சிச் சாறு இரண்டையும் குறைத்த அல்லது நீக்கிய மீடியத்துக்கு மாறுங்கள். பாக்டீரியா சோம்பலாக வளரும், பரவாயில்லை. வருகிற எண் உங்களுடையதாக இருக்கும். மாற முடியாது என்றால் மீடியம் பிளாங்க்தான் காப்பாற்ற வேண்டும்.

ரைசோபியம் எடுப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஈஸ்ட் சாறு மேனிட்டால் மீடியத்தில் இருக்கும் மேனிட்டால் ஒரு சர்க்கரை ஆல்கஹால். பீனால்-கந்தக அமிலத்தில் அது நிறம் தராது. அதனால் மிச்ச மேனிட்டால் உங்கள் எண்ணை ஏற்றாது. ஈஸ்ட் சாறும் லிட்டருக்கு அரை கிராம், ஒரு கிராம்தான். நம் பக்கத்து மானாவாரிக் காட்டில் கொள்ளு பிடுங்கிப் பார்த்தால் முண்டுகள் கிடைக்கும். பெரும்பாலும் மெதுவாக வளரும் ப்ராடிரைசோபியம் வகை. ஒரு வாரம் பொறுத்திருங்கள். மூன்றாம் நாளே தட்டு முழுக்க வழிந்தால் அது வேறு ஏதோ வந்து ஒட்டிக்கொண்டது என்று சந்தேகப்படுங்கள்.

மாம்பழத் தோலிலும் கேழ்வரகு மாவிலும் மலிவு மீடியம் செய்கிறோம். அதில் அளக்கலாமா?

யோசனை நல்ல யோசனை. கிருஷ்ணகிரிப் பக்கம் சீசனில் ஆலைகள் ஒதுக்கும் தோலும் கொட்டையும் மலைபோலக் கிடக்கும்போது அதை உபயோகப்படுத்த நினைப்பது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் மாம்பழத் தோலில் பெக்டின் இருக்கிறது. பெக்டினும் பாலிசாக்கரைடுதான். ஆல்கஹால் ஊற்றினால் அதுவும் கொழகொழவென்று திரண்டு மேலே வரும், பார்க்க ஈபிஎஸ் மாதிரியே இருக்கும். கேழ்வரகிலும் மரவள்ளியிலும் மாவுச்சத்து இதே வேலையைச் செய்யும்.

மாவுச்சத்தை அயோடின் சொட்டு விட்டு நீல நிறம் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அமைலேஸ் கொடுத்து உடைத்து, பிறகு டயாலிசிஸில் வெளியேற்றலாம். பெக்டினை அப்படி எளிதாகக் கழற்ற முடியாது. பாக்டீரியாவே பெக்டினில் பாதியைத் தின்றுவிட்டால் மீடியம் பிளாங்க்கைக் கழிப்பதும் தப்பாகிவிடும். ஆகவே நான் சொல்வது இது: எந்த பாக்டீரியா எவ்வளவு செய்கிறது என்பதைச் சுத்தமான மீடியத்தில் முதலில் அளந்து முடியுங்கள். மாம்பழ மீடியம் அதற்கு அடுத்த அத்தியாயம். அங்கே சர்க்கரைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும், ஏனென்றால் பெக்டினில் பெரும்பங்கு கேலக்ட்யூரோனிக் அமிலம்.

பிரித்தெடுப்பதை ஒரு முறை முழுதாகச் சொல்லுங்கள்.

கல்ச்சரைக் கொதிநீரில் பத்து, பதினைந்து நிமிடம் வையுங்கள். சங்கிலியைத் தின்னும் நொதிகள் அடங்கும், செல்லில் லேசாக ஒட்டியதும் கழன்று வரும். ஆற வைத்துச் சுழற்றுங்கள். மேல்தெளிவில் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் சேர்த்துக் குளிரில் வைத்தால் புரதம் வெள்ளையாக வீழும். மறுபடி சுழற்றி அதைத் தள்ளுங்கள். பிஎச்சை ஏழுக்குக் கொண்டு வந்து, இரண்டு முதல் மூன்று மடங்கு குளிர்ந்த எத்தனால் சேர்த்து, 4 டிகிரியில் ஒரு இரவு. காலையில் சுழற்றி, வீழ்படிவைக் கொஞ்சம் வடிநீரில் கரைத்து, டயாலிசிஸ் பையில் கட்டி இரண்டு மூன்று நாள் வடிநீரில் விடுங்கள், தண்ணீரை நாளைக்கு இரண்டு முறையாவது மாற்றி. 12 முதல் 14 ஆயிரம் டால்டன் (மூலக்கூறு எடை) வரை உள்ளதை வெளியே விடும் பை போதும். பைக்குள் இருப்பதைத்தான் அளக்கிறோம்.

எத்தனாலை ஊற்றும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்ணாடிக் குச்சியால் மெதுவாகக் கலக்கிக்கொண்டே ஓரமாக வடிய விடுங்கள். நீண்ட சங்கிலியாக இருந்தால், எத்தனாலும் மேல்தெளிவும் சந்திக்கும் இடத்தில் முதலில் தண்ணீரில் சர்க்கரைப் பாகு விட்டால் தெரிகிற மாதிரி ஒரு நெளிவு தெரியும். அப்புறம் மெல்லிய வெள்ளை இழைகள். குச்சியைச் சுற்றினால் இழை குச்சியிலேயே பஞ்சு மிட்டாய் மாதிரி சுற்றிக்கொள்ளும். இதைப் பார்த்த மாணவர்கள் அந்த நாளை மறப்பதில்லை. குட்டைச் சங்கிலி இப்படி வராது. வெறும் பால் கலங்கலாகத்தான் தெரியும். அதற்காக இல்லை என்று ஊற்றிக் கொட்டிவிடாதீர்கள்.

எத்தனால் அனுமதி வாங்குவது சிரமமாக இருக்கிறது. வேறு வழி?

ஐசோபுரோபனால் அல்லது அசிட்டோன். சாந்தன் தயாரிக்கும் ஆலைகளே ஐசோபுரோபனாலைத்தான் பயன்படுத்துகின்றன. எதை எடுத்தாலும் கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். பாதி சாம்பிள் ஒன்றில், மீதி இன்னொன்றில் என்று செய்தால் ஒப்பிட முடியாது.

எங்கள் சென்ட்ரிஃபியூஜ் 5,000 ஆர்பிஎம்தான் சுற்றும். செய்முறைகளில் 10,000 ஜி என்று போட்டிருக்கிறதே?

ஆர்பிஎம் வேறு, ஜி வேறு. ஆர்பிஎம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது, ஜி புவி ஈர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசை என்பது. சுழல் ஆரம் சென்டிமீட்டரில், அதைச் சுற்றின் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118-ஆல் பெருக்குங்கள். 10 செ.மீ. ஆரமும் 5,000 சுற்றும் என்றால் சுமார் 2,800 ஜி. 10,000 சுற்று இருந்தால் 11,000-க்கு மேல். இரண்டு மடங்கு சுற்று, நான்கு மடங்கு விசை.

2,800 ஜி-யில் கொழகொழ கல்ச்சரில் செல் கீழே இறங்காது, நடுவில் மேகம் மாதிரி மிதக்கும். கல்ச்சரை வடிநீரில் மூன்று நான்கு மடங்கு நீர்க்கச் செய்து, முக்கால் மணி நேரம் சுழற்றினால் ஓரளவு தெளியும். நீர்த்த அளவைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். செல் மிதந்தபடியே ஆல்கஹால் ஊற்றினால் செல் சுவரின் சர்க்கரையும் ஆர்என்ஏவின் ரைபோஸும் உங்கள் ஈபிஎஸ் ஆகிவிடும்.

டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் கட்டாயமா?

மீடியத்தில் பெப்டோன் (உடைத்த புரதம்) நிறைய இருந்தால் செய்வது நல்லது. ஆனால் புரதத்தோடு சேர்ந்து ஈபிஎஸ்ஸிலும் கொஞ்சம் வீழ்ந்து போகும், குறிப்பாக மின்னூட்டம் உள்ள வகை. புரோட்டியேஸ் நொதி வாங்க முடிந்தால் அது மென்மையான வழி. எதுவானாலும் கடைசிக் கரைசலில் புரதம் அளக்கும் முறைகளான பிராட்ஃபோர்டோ லௌரியோ செய்து மிச்சப் புரதம் எவ்வளவு என்று ஒரு வரி எழுதுங்கள்.

டயாலிசிஸுக்கு இவ்வளவு வடிநீர் எங்கே போவது? குழாய்த் தண்ணீர் ஆகாதா?

நம் ஊரில் ஆகவே ஆகாது. போர் தண்ணீர் என்றால் உப்புத் தண்ணீர். பக்கெட்டிலும் கெட்டிலிலும் வெள்ளையாகப் படிவதைத் தினமும் பார்க்கிறோம். ஃப்ளூரைடு பிரச்சினைக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்திருக்கிறது, குடிக்க நல்லது. ஆனால் அதுவும் வடிநீர் இல்லை. தண்ணீரில் இருக்கும் கால்சியம் பைக்குள் நுழைந்து, யூரோனிக் அமிலம் உள்ள சங்கிலிகளைக் கட்டிப் பிடித்து ஜெல்லி ஆக்கிவிடும். மீடியத்தின் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகவும் வீழும். பையைப் பிரித்தால் எடை கூடியிருக்கும், சந்தோஷமாக இருக்கும், பாதி சுண்ணாம்பு.

தண்ணீரைச் சிக்கனமாக்க ஒரு வழி: ஒரே பெரிய தொட்டியில் விடுவதைவிட, ஒரு லிட்டர் பீக்கரில் பல முறை மாற்றுவது அதிகம் கழுவும். போதுமா என்று எப்படித் தெரியும்? வெளித்தண்ணீரில் 1 மி.லி. எடுத்து அதே பீனால்-கந்தக அமிலம் செய்யுங்கள். நிறம் வருவது நிற்கும் வரைக்கும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். நாட்களை எண்ணுவதைவிட இது நிச்சயம்.

மூன்று குழாய், ஒரே சாம்பிள், மூன்று எண். ஏன்?

இதற்கு என் அனுபவத்தில் பத்தில் எட்டு முறை காரணம், அமிலம் ஊற்றிய விதம். இந்த வினைக்கு வேண்டிய சூடு வெளியே இருந்து வருவதில்லை. அமிலமும் தண்ணீரும் கலக்கும்போது பிறக்கிறது. அமிலத்தைக் குழாயின் சுவரோரம் வழிய விட்டால் அது அடியில் போய்த் தேன் மாதிரி படுத்துக்கொள்ளும், சூடு ஏறாது. நேராகத் திரவத்தின் பரப்பில், ஒரே தாரையாக, சில விநாடியில் இறங்க வேண்டும். சரியாக ஊற்றினால் குழாயின் கீழ்ப்பாதியை விரலால் தொட முடியாது. மூன்று குழாயிலும் அதே வேகம் வர வேண்டும். ஒரு ஆளே எல்லாக் குழாய்க்கும் ஊற்றட்டும். பாதியில் கை மாற்றாதீர்கள்.

இன்னொரு காரணம் பஞ்சு. குழாயைத் துணியாலோ டிஷ்யூ பேப்பராலோ உள்ளே துடைத்தால் ஒரு இழை ஒட்டிக்கொண்டாலும் போச்சு. பஞ்சு என்பது செல்லுலோஸ், அதாவது சுத்தப் பாலிசாக்கரைடு. அமிலம் அதையும் உடைத்து நிறமாக்கிவிடும். குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக் காய விடுங்கள். அமிலம் ஊற்றியதும் ஒரு குழாயில் மட்டும் பழுப்புப் புள்ளி மிதந்தால் அந்தக் குழாயைத் தள்ளுங்கள்.

பீனால் பாட்டில் மார்கழியில் கல்லாக இறுகியிருக்கும். 41 டிகிரிக்குப் பக்கத்தில்தான் உருகும். கத்தியால் குத்திப் பெயர்க்காதீர்கள், கண்ணில் தெறிக்கும். மூடியைத் தளர்த்தி வெந்நீரில் வைத்தால் உருகிவிடும். ரோஜா நிறம் ஏறிய பழைய பீனால் பிளாங்க்கை ஏற்றும்.

கடைசிக் கணக்கு எப்படிப் போடுவது?

கற்பனை எண்களை வைத்துப் பார்ப்போம். அளவு தெரிந்த குளுக்கோஸை (ஸ்டாண்டர்டை) 10 முதல் 100 மைக்ரோகிராம் வரை வைத்து, வந்த நிற அளவுகளைக் கோடாக வரைந்தாகிவிட்டது. கோட்டின் சாய்வு, ஒரு மைக்ரோகிராமுக்கு 0.009. சாம்பிள் 0.450 காட்டுகிறது. ஆக, குழாயில் 50 மைக்ரோகிராம். சாம்பிளைப் பத்து மடங்கு நீர்த்திருந்தீர்கள். மூலக் கரைசலில் மி.லி.க்கு 500. பைக்குள் இருந்தது 5 மி.லி.; மொத்தம் 2,500 மைக்ரோகிராம், அதாவது 2.5 மி.கி. இது 20 மி.லி. மேல்தெளிவிலிருந்து வந்தது. லிட்டருக்கு 125 மி.கி.

நிறுத்துங்கள், முடியவில்லை. வெறும் மீடியம் அதே வழியில் 0.270 காட்டுகிறது என்றால் அது லிட்டருக்கு 75 மி.கி. கழித்தால் 50. இந்த 50-ஐயும் 0.9-ஆல் பெருக்க வேண்டும். சங்கிலியில் கோர்க்கும்போது ஒவ்வொரு குளுக்கோஸும் ஒரு நீர் மூலக்கூறை இழக்கிறது, 180 என்பது 162 ஆகிறது. விடை 45 மி.கி. 125 எங்கே, 45 எங்கே! அந்த 45-ஐ எழுதத் தயங்காதீர்கள்.

குளுக்கோஸ் ஸ்டாண்டர்ட் எல்லா ஈபிஎஸ்ஸுக்கும் பொருந்துமா?

டெக்ஸ்ட்ரானுக்கு நன்றாகப் பொருந்தும், அது குளுக்கோஸ் மட்டுமே. மற்றதற்கு ஓரளவுதான். கேலக்டோஸ் குளுக்கோஸைவிடக் குறைவாக நிறம் தரும், யூரோனிக் அமிலம் இன்னும் குறைவு, அசிட்டைல் குளுக்கோசமைன் ஏறக்குறைய தராது. பாதிக்குப் பாதி அசிட்டைல் குளுக்கோசமைன் உள்ள ஹயலுரோனிக் அமிலத்தை இந்த முறையில் அளந்தால் பாதி கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் விடையை எப்போதும் "குளுக்கோஸ் சமானம்" என்று எழுதச் சொல்கிறோம்.

ஆந்த்ரோன், டிஎன்எஸ், கார்பசோல் என்று வேறு நிற முறைகளும் இருக்கின்றனவே... எதை எப்போது?

ஆந்த்ரோன் நல்ல முறைதான், 620-630 நானோமீட்டரில் நீலப்பச்சை. ஆனால் கரைசலை அன்றன்றைக்குச் செய்ய வேண்டும். டிரிப்டோஃபான் (புரதத்தில் உள்ள ஒரு அமினோ அமிலம்) இருந்தால் நிறம் கெடும். கார்பசோல் யூரோனிக் அமிலத்துக்கு. சாதாரணச் சர்க்கரை அதிகம் இருந்தால் பழுப்பு ஏறித் தொல்லை தரும். அந்தத் தொல்லை குறைவான மெட்டா ஹைட்ராக்சி டைஃபீனைல் முறை 520-ல் இருக்கிறது.

டிஎன்எஸ்ஸைத்தான் தப்பான இடத்தில் அதிகம் போடுகிறார்கள். அது சங்கிலியின் நுனியில் இருக்கும் ஒடுக்கும் முனையை மட்டும் பார்க்கும். ஆயிரம் குளுக்கோஸ் கோர்த்த ஒரு சங்கிலிக்கு ஒடுக்கும் முனை ஒன்றே ஒன்று. அமிலத்தில் உடைக்காமல் டிஎன்எஸ் செய்துவிட்டு "ஈபிஎஸ் இல்லை" என்று முடிவு எழுதிய ஒரு ஆய்வேட்டை நான் திருத்தியிருக்கிறேன். அந்தப் பையனின் குடுவையில் ஈபிஎஸ் கரண்டியில் ஒட்டும் அளவு இருந்தது.

மேல்தெளிவில் குளுக்கோஸ் எவ்வளவு மிச்சம் என்று அறிய, ரத்தச் சர்க்கரை பார்க்கும் லேபில் இருக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ்-பெராக்சிடேஸ் கிட் அருமையான துணை. குளுக்கோஸைத் தவிர வேறெதற்கும் அசையாது. விலையும் கைக்கு அடக்கம்.

உலர்த்தி எடை போட்டால் போதாதா?

லிட்டருக்குக் கிராம் கணக்கில் சாந்தனோ டெக்ஸ்ட்ரானோ வருகிறது என்றால் போதும், அங்கே எடைதான் நேர்மையான அளவு. 2 மி.கி.யை 0.1 மி.கி. தராசில், மழைக்கால ஈரத்தில் எடை போடுவதை நான் நம்ப மாட்டேன். எடைக்கு உப்பும் தெரியும், புரதமும் தெரியும். எடையும் நிறமும் இரண்டும் செய்யுங்கள். 10 மி.கி. எடையில் 3 மி.கி.தான் சர்க்கரை என்றால் மீதி ஏழு என்ன என்று தேட வேண்டிய வேலை இருக்கிறது.

வழியில் எவ்வளவு தொலைகிறது என்று தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். யாரும் செய்வதில்லை என்பதுதான் என் வருத்தம். கேக் சாமான் கடையில் சாந்தன் கம் கிடைக்கும். 20 மி.கி.யை வெறும் மீடியத்தில் கரைத்து, முதல் படியிலிருந்து கடைசி வரை உங்கள் சாம்பிளோடு கூடவே கொண்டு போங்கள். இன்னொரு 20 மி.கி.யை வடிநீரில் கரைத்து நேராக அளவெடுங்கள். முதலாவதிலிருந்து வெறும் மீடியம் பிளாங்க்கைக் கழித்து, இரண்டையும் ஒப்பிட்டால் வழியில் தொலைந்தது தெரியும். சாந்தனில் குளுக்குரோனிக் அமிலமும் அசிட்டைலும் இருப்பதால் நேராக அளந்தாலே 20 வராது. அதனால்தான் ஒப்பீட்டுக்கு இரண்டாவது குழாய். பாதிக்குப் பாதி தொலைகிறது என்று தெரிந்தால் அது அவமானம் இல்லை, எந்தப் படியில் தொலைகிறது என்று பிரித்துப் பார்க்க ஆரம்பிக்கலாம்.

செல்லோடு ஒட்டியிருப்பதையும் சேர்க்க வேண்டுமா?

உங்கள் கேள்வி எது என்பதைப் பொறுத்தது. சேர்ப்பதானால் செல்லை ஈடிடிஏ கரைசலிலோ மென்மையான உப்புக் கரைசலிலோ கலக்கிக் கழற்றுங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு அதிகம் கழற்றும், ஆனால் செல்லையும் உடைக்கும். 260 நானோமீட்டரில் டிஎன்ஏ எகிறினால் உடைந்துவிட்டது என்று அர்த்தம். கர்ட்லான் மாதிரி சில வகை சாதாரணத் தண்ணீரில் கரையாமல் செல்லோடு கீழே போய்விடும், காரத்தில்தான் கரையும்.

எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளி நிறமாலை) எடுத்தால் அளவு தெரியுமா?

தெரியாது. என்ன வகைப் பிணைப்பு இருக்கிறது என்று குறிப்பு கிடைக்கும், அவ்வளவே.

அமிலம் மேலே பட்டுவிட்டால்?

உடனே குழாயடி. ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம், குறையாமல். சோடா உப்பைத் தோலில் தேய்க்காதீர்கள். பீனால் இன்னும் மோசம், ஏனென்றால் அது பட்ட இடத்தை மரத்துப்போக வைக்கும். வலி தெரியாததால் பிள்ளைகள் அப்புறம் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். வெள்ளையாகிவிட்ட தோலைப் பார்த்தால் நிறையத் தண்ணீரில் கழுவி, நேராக மருத்துவமனை. வாயால் பிப்பெட் உறிஞ்சுவதை நான் பார்த்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு லேப் கிடையாது. துப்பட்டாவைப் பின் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள், கண்ணாடி போடுங்கள், அமில வேலையில் ஃபியூம் ஹூட் இல்லாவிட்டால் ஜன்னலோர மேடையாவது பிடியுங்கள்.

முடிந்த குழாய்களை சிங்கில் கொட்டாதீர்கள். ஆறிய பிறகு, மூடி இறுக்காத கண்ணாடிப் பாட்டிலில் சேர்த்து வையுங்கள். பீனால் கலந்த அமிலக் கழிவு என்று மேலே எழுதி ஒட்டி, கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

சர்க்கரை வகைகளைப் பார்க்க பெங்களூருக்கோ கோயம்புத்தூருக்கோ சாம்பிள் அனுப்ப வேண்டும். எப்படிக் கொண்டு போவது?

உறைநிலை உலர்த்தி இருந்தால் அதில் உலர்த்தியது சிறந்தது. இல்லாவிட்டால் வீழ்படிவை அசிட்டோனில் இரண்டு முறை கழுவி, வெற்றிட டெசிகேட்டரில் காய வையுங்கள். அடுப்பில் 100 டிகிரியில் காய வைத்தால் கண்ணாடி மாதிரி இறுகிப் பிறகு கரையவே கரையாது. உலர்ந்த ஈபிஎஸ் பஞ்சு மாதிரி லேசாக இருக்கும், காற்றில் இருக்கும் ஈரத்தை உடனே இழுக்கும். சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூடியைச் சுற்றிப் பாராஃபிலிம் ஒட்டி, அதை சிலிக்கா ஜெல் போட்ட இன்னொரு டப்பாவுக்குள் வையுங்கள். கூடவே வெறும் மீடியம் பிளாங்க்கையும் உலர்த்தி இன்னொரு குப்பியில் அனுப்புங்கள். அதற்கும் சேர்த்துக் கட்டணம் கேட்பார்கள், கொடுங்கள். சாம்பிளில் மேனோஸ் என்று அறிக்கை வந்தால், அது உங்கள் பாக்டீரியாவுடையதா ஈஸ்ட் சாற்றினுடையதா என்பதை அந்த இரண்டாவது குப்பிதான் சொல்லும்.